தியாகராச செட்டியார் தந்த நாற்காலி

1880 பிப்ரவரி 16 அன்று கும்பகோணம் அரசுக் கல்லூரியில் புதிய தமிழாசிரியர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். 25 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. கையில் பட்டம் எதுவும் இல்லை, ஆங்கிலம் தெரியாது. மாதச் சம்பளம் 50 ரூபாய். அன்று தொடங்கிய வேலையை அவர் அங்கே 1903 வரையிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரையிலும் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1924 முதல் 1927 வரை இருந்தார். உ.வே. சாமிநாதையர் என்றதும் ஏடுகளும் பதிப்புகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில் வாத்தியார் வேலை.

அந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது, அதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செய்யும் வலிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஓர் ஆசிரியர் வாழ்க்கையை எத்தனை பேர் சேர்ந்து உருவாக்குகிறார்கள் என்பது தெரியும். 'என் குரு' என்று ஒருவரை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நம் வழக்கம். சாமிநாதையருடைய வாழ்க்கையிலோ குறைந்தது மூன்று பேர், மூன்று வேறு வேலைகளைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் பாடம் சொன்னார். ஒருவர் இடம் கொடுத்தார். ஒருவர் கேள்வி கேட்டார். இவர்களில் இடம் கொடுத்தவரைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

முதலில் பாடம் சொன்னவர். உத்தமதானபுரத்துச் சிறுவனுக்குத் தமிழ் படிக்க வேண்டும் என்ற தாகம் வந்தபோது அவனுடைய தந்தை, சங்கீத வித்துவானான வேங்கடசுப்பையர், மகனுக்காக ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு நடந்தது. அவரவர் தமக்குத் தெரிந்த எல்லை வரை கற்பித்தார்கள். அதற்கு மேல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று வழிகாட்டினார்கள். இந்தச் சின்ன ஊர் ஆசிரியர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். தன் எல்லையை அறிந்து, தன்னிடம் இருக்கும் நல்ல மாணவனை இன்னொருவரிடம் அனுப்பிவைக்க மனம் வேண்டும். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்தபோது சாமிநாதையருக்கு வயது 16.

சேர்ந்த உடனே பெரியவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிவிடவில்லை. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே நடைமுறை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலையின் பெரிய வடிவம் அது. (ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தியபோது மாணவர்களையே கற்பிக்கவைக்கும் முறையைக் கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.) இளைஞர் சாமிநாதனுக்கு இதில் நிறைவில்லை. ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும் என்று ஏங்கினார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அழகானது. பிள்ளையவர்களுக்கு மரம் செடிகள் மீது அளவற்ற ஆசை. வீட்டுப் பின்புறத்தில் நட்டவை துளிர்த்திருக்கின்றனவா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்த மாணவர், ஆசிரியருக்கு முன்பே எழுந்து போய் எந்தக் கிளையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்து வைத்துக்கொண்டார். பெரியவர் வந்ததும் 'இங்கே ஒன்று, அங்கே ஒன்று' என்று காட்டுவார். அந்தக் காலை நேரத்துப் பழக்கம் பேச்சாக வளர்ந்தது. தயக்கம் போய், தங்களிடமே நேராகப் பாடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் துணிவு வந்தது. கேட்டதும் பெரியவர் இசைந்தார்.

இந்தச் சம்பவத்தைப் பக்தியின் அடையாளமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. பாட நேரத்துக்கு வெளியே ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக இருந்த நேரத்தில்தான் அந்த உறவு முளைத்தது. பிறகு நடந்த படிப்பும் அப்படியே. நடந்துகொண்டே பாடம், பயணத்தில் வண்டியில் பாடம், சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் பாடம். பிள்ளையவர்கள் புராணச் செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுத வேண்டும். ஒரு பெரும் புலவர் சொல்லைத் தேடும் இடத்தையும், தேடாமலே வந்து விழும் இடத்தையும், சொன்னதை மாற்றும் இடத்தையும் எழுத்தாணி பிடித்த கை உடனிருந்து கற்றுக்கொண்டது. அதைத் தனியாக வகுப்பு வைத்துச் சொல்லித்தர முடியாது.

வழிகாட்டி ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்றை மூடுவதும் உண்டு. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். இசைக் குடும்பத்துப் பிள்ளையான சாமிநாதையர் அவரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை. அதில் மனம் போனால் இலக்கியப் படிப்பு குன்றும் என்று கருதினார். மாணவர் இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார். நல்ல ஆசிரியர்களின் நிழலில் வளர்ந்த பலருடைய வாழ்க்கையில் இப்படிக் கைவிட்ட ஒன்று இருக்கும். குருவைப் போற்றும் பேச்சில் அது இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

1876 பிப்ரவரி 1 அன்று மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானார். புகழ் நிறைய இருந்தது, கடனும் இருந்தது. மாணவருக்கு அவர் விட்டுச் சென்றது படிப்பு மட்டும்தான். 21 வயது நிறையவிருந்த இளைஞருக்கு அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே வைத்துக்கொண்டார். தேசிகரிடம் சாமிநாதையர் தொடர்ந்து பாடம் கேட்டார். அதே நேரத்தில் மடத்தில் இருந்த இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லவும் செய்தார். இந்த நான்கு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆசிரியத் தொழிலின் கண்ணில் பார்த்தால் மிக முக்கியமான காலம் இது. காலையில் கேட்டதை மாலையில் சொல்ல வேண்டும். சொல்லும்போது தடுமாறினால் கேட்டுத் தெளிய ஒருவர் அருகிலேயே இருக்கிறார். தவறு நேர்ந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. இன்றைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் ஏற்படுத்த விரும்பும் நிலை இதுதான்.

அடுத்து, இடம் கொடுத்தவர். தியாகராச செட்டியார் பூவாளூர்க்காரர். அவரும் பிள்ளையவர்களின் மாணவர், சாமிநாதையருக்குப் பல ஆண்டுகள் மூத்தவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். ஆசிரியரை யாராவது குறைத்துப் பேசினால் பொறுக்கமாட்டார். உடல்நலம் குன்றி ஓய்வு பெற முடிவு செய்தபோது, தன் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று அவரே தீர்மானம் செய்துகொண்டார். கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் சாமிநாதையரின் பெயரைச் சொன்னார். திருவாவடுதுறைக்கு வந்து, இளைஞரை விட்டுப் பிரியத் தயங்கிய தேசிகரைச் சம்மதிக்க வைத்தார். கல்லூரியில் இருந்தவர்கள் இந்த இளைஞரின் புலமையைச் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். செட்டியாரின் சொல் சோதனை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு மேல் அவருடைய படிப்பு பேசியது.

அன்று செட்டியார் பேசாமல் ஓய்வு பெற்றுப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருப்பார். சாமிநாதையர் மடத்திலேயே வித்துவானாக இருந்திருக்கக்கூடும். தலபுராணங்களும் அந்தாதிகளும் பாடியிருக்கக்கூடும். மடம் அவருக்குச் சோறும் மதிப்பும் தந்தது. ஆனால் வேறு படிப்பு படித்தவர்கள், வேறு கேள்விகளோடு வருகிறவர்கள் நாள்தோறும் புழங்கும் ஊருக்கு அவரைக் கொண்டுவந்தது கல்லூரி வேலைதான். சாமிநாதையர் இதை மறக்கவே இல்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர். பாடம் சொன்ன குருவுக்கு இரண்டு பாகங்களில் வரலாறு எழுதினார். இடம் தந்தவரின் பெயரை வாசலில் வைத்துக்கொண்டார்.

கேள்வி கேட்டவர் வாத்தியாரே இல்லை. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தவர். 1880 அக்டோபர் 21 அன்று, வேலையில் சேர்ந்து எட்டு மாதமான புதிய ஆசிரியர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் ஒன்றை ஐயர் சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியைக் கொடுத்தார். அத்தனை ஆண்டு குருகுலத்தில் அந்தப் பழைய நூல்கள் பாடமாக வந்ததில்லை. புரியாத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் ஐயர். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. கல்லூரியில் பகல் முழுவதும் பாடம் சொல்லிவிட்டு மற்ற நேரத்தில் செய்த வேலை இது.

ஆசிரியரைத் தாண்டி மாணவர் போவது இப்படித்தான் நடக்கிறது. பிள்ளையவர்கள் தந்த நினைவாற்றலும் யாப்பறிவும் சொல்வளமும் இல்லாமல் சிதைந்த ஏட்டின் வரிகளை மீட்டிருக்க முடியாது. ஆனால் அந்தக் கருவிகளை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி வெளியிலிருந்து வந்தது. ஒரே ஆசிரியரை நம்பி நிற்கும் மாணவருக்கு இந்த இரண்டாவது பகுதி கிடைக்காமலே போய்விடலாம்.

கேள்வியும் பாடமும் ஒரே ஆளிடமிருந்து வந்ததும் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். அவருடைய பேராசிரியர் எட்வர்ட் ராஸ். ரங்கநாதன் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வகுப்பும் மாணவர்களும் இல்லாத அந்த வேலை சலித்துப்போய், பழைய இடத்துக்கே திரும்பிவிட முயன்றார். இங்கிலாந்து போய் நூலகவியல் பயின்று வந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. லண்டனில் பெர்விக் சேயர்ஸ் ஆசிரியராகக் கிடைத்தார்; குரொய்டன் நகரத்து நூலகத்தை நடத்தியவர் அவர். திரும்பி வந்த ரங்கநாதன் நூலக வேலையை விடவே இல்லை. 1928-இல், நூலகப் பணிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கொள்கை என்ன என்று தேடி அவர் திணறிக்கொண்டிருந்தபோது, பழைய கணிதப் பேராசிரியர் ராஸ் வந்தார். மாணவர் சுற்றிச் சுற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே, அதுதானே உன் முதல் விதி என்று சொன்னார். 1931-இல் ஐந்து விதிகளாக அது நூலானது. ராஸுக்கு நூலகவியல் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. மாணவர் எப்படி யோசிப்பவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படிப்பு முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தப் பேச்சு நின்றுபோகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இவர்கள் எல்லாரும் ஆண்கள். குருகுலத்துக்குள் பெண்ணுக்கு இடமில்லை. பல சாதியாருக்கும் இடமில்லை. வழிகாட்டுதல் தனிமனிதர்களின் அன்பை நம்பியே நடந்தால், அந்த அன்பின் எல்லைக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். அதனால்தான் சகோதரி சுப்புலட்சுமியின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறுமியாகவே விதவையானவர். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்கவைத்தார். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார். அதன் பிறகு என்ன? பட்டம் பெற்ற ஒரு பிராமண விதவை எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று அன்றைய சமூகத்தில் யாரும் யோசித்ததில்லை. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் அந்த நாற்காலியை உருவாக்கப் பாடுபட்டார். இளம் விதவைகளை ஆசிரியைகளாக்கும் திட்டத்துக்கு அரசின் ஆதரவைத் தேடித்தந்தார். 1912-இல் விதவை இல்லம் தொடங்கியது. பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அங்கிருந்து ஆசிரியைகளாகப் போனவர்கள் பிறருக்குப் பாடம் சொன்னார்கள். தியாகராச செட்டியார் செய்ததையே ஒரு அதிகாரி அரசாங்கத்தின் ஏற்பாடாகச் செய்தார். ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு பலருக்குப் பெருகியது அதனால்தான்.

இவற்றை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆசிரியத் தொழிலுக்கு வருகிறவர் எதைக் கொண்டு வருகிறார் என்பதை ஆராய்ந்தவர்கள் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறார். மருத்துவம் படிக்க வருகிறவர் அத்தனை நேரம் மருத்துவரைப் பார்த்ததில்லை. ஆனால் மாணவர் பார்ப்பது மேடையை மட்டும். ஆசிரியர் முந்தின இரவு எதை விட்டுவிடலாம் என்று யோசித்ததையோ, ஒரு பையன் தலையைக் குனிந்ததும் கேள்வியை மாற்றியதன் காரணத்தையோ மாணவர் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது. அதனால் நமக்குப் பிடித்த ஆசிரியரின் குரலையும் கையசைப்பையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறோம். முதல் மாதத்திலேயே அது போதவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்ன ஆகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் இங்கர்சாலும் மைக்கேல் ஸ்ட்ராங்கும் 2011-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்கக் காலத்தில் முறையான துணை கிடைத்த ஆசிரியர்கள் வேலையில் நீடிப்பதும், வகுப்பைச் சிறப்பாக நடத்துவதும், அவர்களுடைய மாணவர்கள் கற்பதும் பெரும்பாலும் மேம்பட்டிருந்தன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை; ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் கலவையாகவே இருந்தன. இங்கர்சால் முன்னதாகச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வழிகாட்டி அதே பாடத்தைக் கற்பிப்பவராக இருப்பதும், சக ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிட நேரம் கிடைப்பதும் வலுவான காரணங்களாக இருந்தன. பொதுவான அறிவுரைகளால் பெரிய பலன் இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்த ஒருவர்தான் வேண்டும்.

நம் நாட்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. மொத்தம் 20 வாரம் பள்ளி அனுபவத்துக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் பயிற்சி மாணவர் வந்ததும் பாட வேளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, மதிப்பெண் பதிவேட்டையும் எமிஸ் (பள்ளிக் கல்வித் தகவல் இணையதளம்) பதிவுகளையும் முடிக்க வழிகாட்டி ஆசிரியர் போய்விடுவது பல பள்ளிகளில் நடக்கிறது. அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அந்த ஒரு பாட வேளைதான் மூச்சுவிடும் நேரம். பாடத்திட்டக் குறிப்பேடு பக்கம் பக்கமாக நிறைகிறது, சார்ட் பேப்பர்கள் சுவரில் ஏறுகின்றன, கையெழுத்தும் கிடைக்கிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்து 40 நிமிடம் பார்த்துவிட்டு, 'அந்தப் பெண் மூன்று முறை கை தூக்கினாள், நீங்கள் கவனித்தீர்களா?' என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வேலையில் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் கடினம். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிக்குப் போகிற இளைஞருக்குக் கேட்க யாருமே இருப்பதில்லை. பெரிய பள்ளிகளில்கூடப் புதியவருக்கே அதிகப் பாட வேளைகளையும் யாரும் ஏற்க விரும்பாத பிரிவையும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை வழிகாட்டலுக்கென்று ஒரு தேசிய இயக்கத்தை அறிவித்து, ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர்களைப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்குத் துணையாக்கலாம் என்றது. யார் அறிவித்தாலும் இந்த யோசனை சரியானது. ஆனால் அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும்.

என் கோரிக்கை சிறியது. புதியவரை ஏற்றுக்கொள்ளும் மூத்த ஆசிரியருக்கு வாரத்தில் மூன்று பாட வேளை கால அட்டவணையிலேயே குறைக்கப்பட வேண்டும். அந்த நேரம் புதியவரின் வகுப்பில் உட்காரவும், முடிந்ததும் அவரோடு பேசவும் மட்டுமே செலவாக வேண்டும். அவர் அதே பாடத்துக்காரராக இருக்க வேண்டும். புதியவரின் பணி மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கக் கூடாது. மதிப்பெண் போடும் கையிடம் யாரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். ஓய்வு பெறப்போகும் ஆசிரியரின் கடைசி ஆண்டில், அவருடைய இடத்துக்கு வரப்போகிறவர் ஒரு பருவமாவது அவரோடு சேர்ந்து வேலை செய்ய வழி இருக்க வேண்டும். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. மே மாத இறுதியில் ஒருவர் மாலையோடு வீடு திரும்புகிறார். ஜூனிலோ, காலியிடம் நிரம்பத் தாமதமானால் அடுத்த ஆண்டிலோ வேறொருவர் வருகிறார். இருவரும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை.

சாமிநாதையருக்கு 70 வயதைத் தாண்டிய பிறகு, 1920-களின் இறுதியில், ஓர் இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஐயர் அவருக்குப் பாடம் சொன்னார், பதிப்பு வேலையில் உடன் வைத்துக்கொண்டார். அந்த இளைஞர் கி.வா. ஜகந்நாதன். 1932-இல் தொடங்கிய கலைமகள் இதழில் பணிக்குச் சேர்ந்து, அதன் ஆசிரியராகிப் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். கலைமகளுக்குப் போன பிறகும், ஐயர் 1942-இல் மறையும் வரை, அவரிடம் பாடம் கேட்பதை கி.வா.ஜ. நிறுத்தவில்லை.